கரண்ட் போனால் கோப்பு என்ன ஆகும்? என்எஃப்எஸ், சாம்பா, கேஎஸ்எம்பிடி: ஓர் அலசல்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியிலோ பள்ளியிலோ நாலைந்து கணினிகளை ஒரே சர்வரோடு இணைக்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது வேகத்தைத்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் ஒரு கற்பூர மரம் கம்பியில் சாய்ந்தாலே போதும், கரண்ட் போய்விடும். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது; யூபிஎஸ் அதுவரைக்கும் தாங்காது. அதனால் இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எழுதிக்கொண்டிருக்கும்போதே சர்வர் அணைந்துவிட்டால் அந்தக் கோப்பு என்ன ஆகும்? லினக்ஸில் கோப்புகளைப் பகிரும் வழிகளை இந்தக் கேள்வியை வைத்தே ஒப்பிடுகிறேன்.

முதலில் என்எஃப்எஸ், அதாவது சர்வரில் இருக்கும் கோப்புகளை மற்றக் கணினிகள் தங்கள் சொந்தக் கோப்பு போலவே பயன்படுத்த உதவும் முறை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் கொண்டுவந்தது. லினக்ஸில் இதன் சர்வர், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே ஓடுகிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் கெர்னலுக்கு வெளியே போய்த் திரும்ப வேண்டியதில்லை என்பதால் பழைய கணினியில் கூட நன்றாக ஓடும். ஆனால் எனக்கு இது பிடித்துப்போகக் காரணம் வேகம் இல்லை.

1995இல் வந்த மூன்றாம் பதிப்பில், யார் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று சர்வர் நினைவில் வைத்துக்கொள்வதே இல்லை. கோப்புக்கு ஓர் அடையாளத்தை மட்டும் கொடுக்கிறது. எந்த வட்டு, அதில் எத்தனையாவது ஐநோடு (வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள எண்ணிட்ட பதிவு) என்ற விவரமெல்லாம் அதற்குள் இருப்பதால், சர்வர் அணைந்து மறுபடி எழுந்த பிறகும் அதே அடையாளம் செல்லும். சர்வரின் பகிர்வைத் தன்னோடு இணைத்துக்கொள்வதுதான் மவுன்ட்; அதை 'ஹார்ட்' முறையில் செய்த கணினி அதுவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். கெர்னல் லாக்கைப் பார்த்தால் சர்வர் பதில் சொல்லவில்லை, இன்னும் முயல்கிறேன் என்று ஒரு வரி இருக்கும். கரண்ட் வந்ததும் ஓகே என்று அடுத்த வரி. பசுந்தேயிலை எடையைப் பதிந்துகொண்டிருந்த திரை உறைந்து நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து ஓடும்.

அப்போது உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். வேகத்துக்காக, கணினி அனுப்பும் தரவைச் சர்வர் முதலில் நினைவகத்தில் வாங்கிக்கொள்ளலாம். வட்டில் சேர்ந்துவிட்டது என்று இன்னும் சொல்லவில்லை. அந்தப் பதிலோடு ஒரு சரிபார்ப்பு எண்ணையும் அனுப்புகிறது. சர்வர் மறுபடி கிளம்பினால் அந்த எண் மாறிவிடும். பிற்பாடு 'கமிட்', அதாவது வட்டில் சேர்த்துவிடு என்று கேட்கும்போது எண் மாறியிருப்பதைப் பார்த்ததும், அனுப்பியது போய்விட்டது என்று கணினி புரிந்துகொண்டு, தன்னிடம் வைத்திருந்த பிரதியை மறுபடி அனுப்புகிறது. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊருக்கென்றே யோசித்துச் செய்த மாதிரி இருக்கிறது.

இந்த ஏற்பாட்டை ஒரே சொல்லில் கெடுத்துவிடலாம். சர்வரின் பகிர்வுப் பட்டியலில் வேகம் கூடும் என்று 'ஏசிங்க்' என்று போட்டால், வட்டில் எழுதாமலேயே எழுதிவிட்டேன் என்று சர்வர் பதில் சொல்லும். கணினி அதை நம்பித் தன் பிரதியை விட்டுவிடும். அந்த நேரம் கரண்ட் போனால் தரவு இரண்டு பக்கமும் இல்லை, பிழைச் செய்தியும் வராது. 'சிங்க்' என்ற இயல்பு நிலையைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதேபோல எழுதும் கோப்புகளுக்கு 'சாஃப்ட்' மவுன்ட் வேண்டாம். சில முயற்சிகளுக்குப் பிறகு கெர்னல் பிழை என்று சொல்லிக் கைவிட்டுவிடும். அந்தப் பிழையைக் கவனிக்காத மென்பொருள்கள் நிறைய.

நான்காம் பதிப்பு கொஞ்சம் மாறியது. இதில் சர்வர் கணக்கு வைத்துக்கொள்கிறது: யார் திறந்தார்கள், யார் பூட்டினார்கள் என்று. எழுந்ததும் பழைய கணினிகள் தங்கள் பூட்டுகளைத் திரும்பக் கேட்டு வாங்க அவகாசம் தருகிறது. லினக்ஸில் இயல்பாக 90 விநாடி. அந்த நேரத்தில் புதிதாகக் கோப்பைத் திறந்தால் திரை நிற்கும். பொறுமை இழந்து சர்வரை மறுபடி அணைத்துப் போட்டால் அவகாசம் முதலிலிருந்து தொடங்கும், அவ்வளவுதான் பலன். ஒரே போர்ட் 2049 போதும் என்பது ஃபயர்வால் வைப்பவருக்கு நிம்மதி. இன்று புதிதாக அமைத்தால் இதைத்தான் எடுப்பேன்.

என்எஃப்எஸ்ஸின் உண்மையான பலவீனம் நம்பிக்கை. சாதாரண அமைப்பில், நான் 1000ஆம் எண் பயனர் என்று கணினி சொன்னால் சர்வர் ஏற்றுக்கொள்ளும். யாராவது சொந்த லேப்டாப்பைச் செருகினால் அதே எண்ணைச் சொல்லலாம். ஆளை உறுதிசெய்யும் கெர்பரோஸ் வைக்கலாம், டிஎல்எஸ் என்ற மறையாக்க வழிப் பாதுகாப்புக்கும் 2022இல் தரநிலை வந்துவிட்டது. இரண்டையும் பராமரிக்க ஆள் வேண்டும். வெளியார் வந்துபோகும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் சாம்பா. ஆண்ட்ரூ டிரிட்ஜெல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் தொடங்கிய வேலை இது. விண்டோஸ் பேசும் எஸ்எம்பி மொழியை லினக்ஸில் பேசுகிறது, அதுவும் கெர்னலுக்கு வெளியே, ஒவ்வொரு இணைப்புக்கும் தனி புராசஸாக. ஒன்று விழுந்தாலும் மற்றவை தொடர்ந்து ஓடும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்றால் பேச்சே இல்லை, சாம்பாதான்.

ஆனால் நம் கேள்விக்கு இதன் பதில் சுமார். திறந்த கோப்பின் பிடி சர்வரின் நினைவில் இருக்கிறது. சர்வர் அணைந்தால் பிடியும் போச்சு, மென்பொருளுக்குப் பிழை வரும். நெட்வொர்க் சுவிட்ச் மட்டும் அணைந்து சர்வர் ஓடிக்கொண்டிருந்தால், அதே பிடியோடு மறுபடி இணைந்து தப்பிக்க ஒரு வழி உண்டு. ஆனால் லினக்ஸ் பக்கத்துப் பூட்டுகளோடு ஒத்துப்போகும் அமைப்பு இயக்கத்தில் இருக்கும்வரை சாம்பா அதைத் தராது. என்எஃப்எஸ்ஸும் சேர்ந்தால் அந்த அமைப்பு தேவைப்படும். அதனால் ஒரே அடைவை (ஃபோல்டரை) என்எஃப்எஸ்ஸிலும் சாம்பாவிலும் சேர்த்துப் பகிர்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சின்ன யூபிஎஸ்ஸை விட, சர்வருக்கு ஒரு பெரிய யூபிஎஸ் நல்லது. பேட்டரி குறைந்ததும் சர்வர் தானாக முறைப்படி அணையும்படி அமையுங்கள்.

கேஎஸ்எம்பிடி இதே எஸ்எம்பியைக் கெர்னலுக்குள் கொண்டுபோனது. 2021 அக்டோபரில் வெளிவந்த லினக்ஸ் 5.15இல் சேர்ந்தது. வேகம் உண்டு, இடமும் குறைவாக எடுக்கும். ஆனால் 2022 டிசம்பரில் வெளியான ஓர் ஓட்டைக்கு அபாய அளவு பத்துக்குப் பத்து: உள்நுழையாமலேயே கெர்னலுக்குள் கட்டளை ஓட்ட முடிந்தது. திருத்தம் முன்பே வந்திருந்தது என்றாலும், மாதக்கணக்கில் அப்டேட் செய்யாத சர்வருக்கு அதனால் என்ன லாபம்? சாம்பாவிலும் ஓட்டைகள் வந்திருக்கின்றன. ஆனாலும் எஸ்எம்பி போன்ற பெரிய, பழைய மொழியைக் கெர்னலுக்குள் கையாள்வது, பராமரிப்பாளர் எப்போதாவது வந்துபோகும் மலை அலுவலகத்துக்கு ஏற்றதில்லை.

மேட்டுப்பாளையத்துக்குக் கீழே, கோவைக் கிளையோடு கோப்பைப் பகிர இவற்றில் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு செயலுக்கும் போய்வரும் நேரம் கொன்றுவிடும். எப்போதாவது பார்க்க எஸ்எஸ்எச்எஃப்எஸ் (எஸ்எஸ்எச் இணைப்பு வழியே தொலைவிலுள்ள கோப்பைக் காட்டுவது), தினசரி நகலுக்கு ஆர்சிங்க் (மாறியதை மட்டும் அனுப்பும் நகல் கருவி).

கடைசியாகத் தமிழ்க் கோப்புப் பெயர்கள். லினக்ஸ் வட்டில் கோப்புகளை அடுக்கும் எக்ஸ்ட்4 முறையில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகள்தான். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு, ஆக 85 குறியீடுகளில் நின்றுவிடும். கோத்தகிரி என்பதற்கே 27 பைட்டு. விண்டோஸில் இதைவிட நீளமான பெயர் செல்லும் என்பதால், அங்கே சேமித்த கோப்பு சாம்பாவுக்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படும். இன்னொன்று: 'கோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், எக்ஸ்ட்4க்கு வேறு வேறு பெயர். ஒரே அடைவில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு தெரிந்தால் வட்டைச் சந்தேகிக்காதீர்கள். இரண்டின் பெயரையும் பைட்டுகளாகப் பாருங்கள், ஒன்று 27, இன்னொன்று 30 இருக்கும்.