எட்டுக்கு ஐந்து எல்இடி வாலும் ஒரு ஸ்கேலரும்: சில முகூர்த்த சீசன்கள் ஓட்டிய பிறகு

மதுரை, மேலூர், உசிலம்பட்டி என்று சுற்றிச் சுற்றி மண்டபங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் எல்இடி வால், அதாவது சின்னச் சின்னப் பலகைகளை அடுக்கிக் கட்டும் பெரிய திரை, போடுகிற வேலை எனக்கு. கேமரா, லேப்டாப் படத்தை வாலின் அளவுக்கு மாற்றி அனுப்பும் பெட்டிதான் ஸ்கேலர், இதை வாங்கி சில வருஷம் ஆகிவிட்டது. பிராண்டு சொல்லப்போவதில்லை. நாலு ஈதர்நெட் போர்ட் உள்ள பெட்டி எதை எடுத்தாலும் மெனுவில் பெயர்கள் மாறுமே தவிர செட்டிங் தலைவலி ஒன்றுதான்.

என்னிடம் இருப்பது பி3.91 கேபினட், அதாவது பிக்சலுக்குப் பிக்சல் 3.91 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள பலகை. ஒன்று 500 மில்லிமீட்டர் சதுரம், உள்ளே 128×128 பிக்சல். மண்டபத்தில் வழக்கமாக எட்டு அகலம், ஐந்து உயரம் ஏற்றுவோம், அதாவது 4 மீட்டருக்கு 2.5 மீட்டர். கணக்குப் போட்டால் 1024×640. வாலைப் பொறுத்தவரை உண்மை இந்த இரண்டு எண்தான், மற்றதெல்லாம் இதற்குள் அடங்கியாக வேண்டும். "ஃபுல் எச்டி வால்" என்று பில்லில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், எழுதிவிட்டுப் போகட்டும். ஸ்கேலரின் வெளியீடு 1920×1080 என்று இருந்தால் அது வெறும் பெரிய பாய், வால் அதில் இடது மேல் மூலையை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். விண்டோ அகலம் 1024, உயரம் 640, தொடக்கம் 0,0 என்று கொடுக்காவிட்டால் மாப்பிள்ளை முகம் வாலுக்கு வெளியே எங்கோ நிற்கும்.

இதிலே இன்னொரு வேடிக்கை. 1024×640 என்றால் 6,55,360 பிக்சல். இந்த வகை ஸ்கேலரில் 60 ஹெர்ட்ஸ், 8 பிட்டில் ஒரு போர்ட் சுமப்பது சுமார் 6,50,000. கொஞ்சூண்டுதான் அதிகம், ஆனாலும் ஒரு கேபிளில் முடியாது. இடது நாலு நெடுவரிசை ஒரு போர்ட்டில், வலது நாலு இன்னொன்றில் என்று பிரித்துவிடுங்கள், நிம்மதி.

அடுத்து வடிவம். கேமராவும் லேப்டாப்பும் தருவது 16:9, வால் 16:10. படத்தை முழுதாகக் காட்டினால் 1024×576 வரும், மேலும் கீழும் 32 பிக்சல் கறுப்பு. வாலை நிரப்பினால் இரண்டு பக்கமும் சுமார் ஐந்து சதவீதம் வெட்டுப்படும். இழுத்து நிரப்பினால் எல்லாரும் ஒல்லியாகிவிடுவார்கள், மணப்பெண் வீட்டில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்பது வேறு விஷயம். லைவுக்கு நான் வெட்டித்தான் நிரப்புகிறேன், ஏனென்றால் மண்டபத்தில் கறுப்புப் பட்டை தெரிந்தால் வால் கெட்டுப்போனது என்று நினைக்கிறார்கள். ஆனால் பெயர் ஸ்லைடை அதே செட்டிங்கில் விடக்கூடாது. டிசைனர் ஓரம் வரை எழுத்தை இழுத்து வைத்திருப்பார், வாலில் "திருநிறைச்செல்வி" வெறும் "நிறைச்செல்வி" ஆகி நிற்கும், அப்புறம் ஒரு பெரியவர் கன்சோல் பக்கம் வந்து "ஏப்பா, திருவ எங்கப்பா காணோம்?" என்பார். லைவுக்கு ஒரு ப்ரீசெட், ஸ்லைடுக்கு ஒரு ப்ரீசெட், இரண்டையும் தனித்தனியாகச் சேமித்துவிட்டேன்.

ஸ்லைடைப் பற்றிச் சொல்ல இன்னும் இருக்கிறது. 1920 அகலத்தில் செய்த தமிழ் எழுத்தை 1024-க்குச் சுருக்கினால் முதலில் காணாமல் போவது புள்ளி, அடுத்தது ண, ஐ போன்றவற்றின் சுழி. ஆங்கிலப் பெயர் தப்பித்துக்கொள்ளும், தமிழ்ப் பெயர் கசங்கிவிடும். அதனால் ஸ்லைடை 1024×640-லேயே செய்து தரச் சொல்கிறேன், லேப்டாப் திரையின் இடது மேல் மூலையில் அப்படியே வைத்து, ஸ்கேலரில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி ஒன்றுக்கு ஒன்று, அதாவது சுருக்காமல் பிக்சலுக்குப் பிக்சல், அனுப்புகிறேன். லேப்டாப்பில் டிஸ்ப்ளே ஸ்கேலிங் 100 சதவீதம் இருக்க வேண்டும். சுருக்குகிற வேலை தேவையென்றால் ஒரே ஒரு இடத்தில் நடக்கட்டும். லேப்டாப் ஒருமுறை, கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டும் வீடியோ மிக்ஸர் ஒருமுறை, ஸ்கேலர் ஒருமுறை என்று மூன்று பேர் கைவைத்த படம் எந்த வாலிலும் நன்றாக இருந்து நான் பார்த்ததில்லை.

நம் ஊரில் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் மினுக்கக்கூடாது என்று கேமராக்காரர்கள் எல்லாம் 50-ல்தான் எடுக்கிறார்கள். ஸ்கேலர் வெளியீடு பெட்டியிலிருந்து வரும்போது 60. நொடிக்குப் பத்து ஃப்ரேமை அது இரண்டுமுறை காட்டித்தான் ஈடுகட்டும், சாதாரண ஷாட்டில் தெரியாது, கிரேன் மெதுவாக மண்டபத்தைச் சுற்றும்போது தத்தித் தத்திப் போகும். 50-க்கு மாற்றியதும் சரியாகிவிடும். மிக்ஸரில் 1080i (ஒன்றுவிட்டு ஒரு வரியாக அனுப்புவது) இருந்தால் 1080p (முழுப் படமாக அனுப்புவது) ஆக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆரத்தித் தட்டு அசையும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல். தாமதமும் உண்டு: மிக்ஸரில் ஒரு ஃப்ரேம், ஸ்கேலரில் இரண்டு என்று வைத்தாலே 60 மில்லிசெகண்ட், கெட்டிமேளத்தில் தவில்காரர் கை ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் என்று கூர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கறுப்பு விஷயம் சின்னது, ஆனால் அடிக்கடி வரும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை பிரகாச அளவு கேமரா சிக்னலில் 16-லிருந்து 235 வரை, லேப்டாப்பில் 0-லிருந்து 255 வரை. ஸ்கேலர் மாற்றிப் புரிந்துகொண்டால் ஒன்று கறுப்பு சாம்பலாகப் பளபளக்கும், இல்லையென்றால் அரக்குப் பட்டும் கூந்தலும் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும். இன்புட் வாரியாக மாற்ற என் பெட்டியில் வசதி இருக்கிறது, மலிவான சிலவற்றில் இல்லை. இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

குறை என்றால், கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடியில் ஸ்கேலர் அணைந்து எழும்போது லேப்டாப் வேறு ரெசல்யூஷனுக்குத் தாவிவிடுகிறது. ஈடிஐடி-யை (எந்த ரெசல்யூஷன் வேண்டும் என்று ஸ்கேலர் லேப்டாப்புக்குச் சொல்லும் தகவல்) ஸ்கேலரில் நிலையாக ஒரே ரெசல்யூஷனுக்குப் பூட்டியதும் பாதி தீர்ந்தது, சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்ததும் மீதி. மேடையிலிருந்து கன்சோல் தூரமென்றால் எச்டிஎம்ஐ-யை நம்பாமல் எஸ்டிஐ (தூரத்துக்குத் தாங்கும் வீடியோ கேபிள்) இழுப்பது உத்தமம்.

பழையது வாங்கப்போகிறவர்கள் ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறி வரும் கட்டப்படம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஒன்றுக்கு ஒன்று செட்டிங்கில் ஓட்டிப் பாருங்கள். கட்டம் கட்டமாகத் தெரியாமல் எங்காவது அலையடித்தால் பெட்டி நீங்கள் சொன்னதைக் கேட்காமல் படத்தைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது. அப்படியே பின்னாலிருக்கும் ஃபேனையும் கேட்டுப்பாருங்கள். மண்டபத்தில் அந்த இரைச்சல் யாருக்கும் கேட்காது, சர்ச் கல்யாணத்தில் கேட்கும்.