யூ நாட்ச் என்று சொல்லி என் தலையில் கட்டியது

ஏர் பிஸ்டலுக்கு ரியர் சைட் பிளேடு (குறிபார்க்கக் கண் பக்கம் இருக்கும் தகடு; அதன் மேல் விளிம்பில் உள்ள வெட்டுதான் நாட்ச்) மாற்றலாம் என்று நினைத்திருப்பவர்கள், பணத்தை எடுத்து நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 7,800 ரூபாய் போனது. அதுகூடப் போகட்டும். நாலு மாதப் பயிற்சியும், துப்பாக்கியோடு வந்த பழைய பிளேடும் சேர்ந்து போனதுதான் வயிற்றெரிச்சல்.

வயது 48. கோவையில் வாரம் மூன்று நாள் துப்பாக்கி சுடும் 10 மீட்டர் ரேஞ்சுக்குப் போகிறவன். பெரிய ஷூட்டர் எல்லாம் இல்லை. 60 ஷாட்டில் 600-க்கு 545, நல்ல நாளாக இருந்தால் 552. போன வருடம் வெள்ளெழுத்து எட்டிப் பார்த்தது. குழல் முனையில் நிற்கிற ஃப்ரண்ட் சைட்டின் (போஸ்ட் என்கிற சிறு கம்பம்) மேல் விளிம்பு பஞ்சு மாதிரித் தெரிய ஆரம்பித்து, ஸ்கோர் 535 பக்கம் இறங்கியது. கண் டாக்டரிடம் போயிருக்க வேண்டியவன், கடைக்காரரிடம் போனேன்.

சென்னையில் ஷூட்டிங் சாமான் விற்கிற கடை. பெயர் வேண்டாம், புகார் நடந்துகொண்டிருக்கிறது. பிஸ்டலைக் கையில் வாங்கிப் பார்த்தவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

“சார், உங்க வயசுக்கு ஸ்கொயர் நாட்ச் சரிப்படாது. யூ நாட்ச் போட்டுப் பாருங்க, போஸ்ட் தானா நடுவுல வந்து உக்காந்துக்கும். இம்போர்ட்டட் பீஸ், ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.”

நான் தயங்கினேன். “கிளாக் பிஸ்டல்லயே யூ தான சார் வெச்சிருக்கான்? அவனுக்குத் தெரியாததா?” என்றார்.

அந்த வார்த்தையில் விழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கிளாக்கின் சாதாரண பிளாஸ்டிக் சைட்டில் யூ மாதிரி இருப்பது வெள்ளைப் பெயின்ட் கோடு. கோட்டுக்கு உள்ளே வெட்டியிருக்கிற நாட்ச் சதுரம்தான். பெயின்ட்டைக் காட்டி இரும்பை விற்றிருக்கிறார் மனிதர். அதற்குள் அவர் பிளேடை மாட்டி, என் பழையதை மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டிருந்தார். “அது இனிமே எதுக்கு சார்?” என்று கேட்டபோது தலையாட்டினேனே, அந்தத் தலையைத்தான் இப்போது சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

யூ நாட்ச்சே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. சட்டென்று எடுத்துச் சுடுகிற பிஸ்டலில், புள்ளி வைத்த ஃப்ரண்ட் சைட் கிண்ணத்துக்குள் பந்து உட்கார்ந்த மாதிரி கண்ணில் படும். அந்த வேலைக்கு அது நல்ல வடிவம். வி நாட்ச் இன்னும் பழையது, ஜெர்மன் லூகர் பிஸ்டலில் பார்க்கலாம். வியில் இடம்-வலம் எளிதாகப் பிடிபடும். ஆனால் போஸ்ட் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது சரியாகத் தெரியாது. நாம் சுடுகிற காகித இலக்குக்கு வேறு கணக்கு. 1890-களில் பட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த சதுர நாட்ச், சதுர போஸ்ட் ஜோடிதான் இன்றைக்கும் இந்த விளையாட்டில் நிற்கிறது. போஸ்டின் தலையும் பிளேடின் தலையும் ஒரே கோட்டில் வர வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் நேரான வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும். கண் பார்க்க வேண்டியது அவ்வளவுதான்.

புது பிளேடோடு முதல் வாரம் “கண்ணுக்குப் பழகணும்” என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது வாரம் 528. பத்து, பத்து, ஏழு, ஒன்பது, ஏழு என்று ஒரே நேர்கோட்டில் மேலும் கீழுமாகப் போகிறது. இடம்-வலம் பெரிதாகத் தவறவில்லை. கோச் என் கையைத் திட்டினார், மணிக்கட்டைத் திட்டினார், தூக்கத்தைக்கூடத் திட்டினார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? பிளேடு மாற்றிய கதையை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

கண்டுபிடித்தது ரேஞ்சுக்கு வரும் நண்பர், கோவை கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். பிளேடைக் கழற்றி வெர்னியர் அளவுகோலில் வைத்தார். நாட்ச் அகலம் 3.3 மி.மீ., ஆழம் 2 மி.மீ. சிரித்துவிட்டு, ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். என் கண்ணிலிருந்து ரியர் சைட் 65 செ.மீ., ஃப்ரண்ட் சைட் 97 செ.மீ. என் போஸ்ட் 4.5 மி.மீ. அகலம். தள்ளி இருப்பதால் அது நாட்ச்சுக்குள் 3 மி.மீ. அளவாகத் தெரியும். 3.3 மி.மீ. ஓட்டையில் 3 மி.மீ. கம்பம் நின்றால் பக்கத்துக்கு 0.15 மி.மீ. வெளிச்சம். அதுவும் மேலே மட்டும். அடி வளைவு சீக்கிரமே ஆரம்பித்துவிடுவதால், விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கீழே போவதற்குள் வெளிச்சம் மூடிப்போகிறது. கீற்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெங்காயத்தோல்.

பழைய பிளேடில் நாட்ச் 4.4 மி.மீ. பக்கத்துக்கு 0.7. கண் மங்கியவனுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் மங்கல் இரண்டு ஓரத்தையும் தின்றுவிடும். கடைக்காரர் வயதைக் காரணம் காட்டி, நேர் எதிரான வேலையைச் செய்து அனுப்பியிருக்கிறார். என் கை நீளத்தையும் அவர் அளக்கவில்லை, போஸ்ட் அகலத்தையும் அளக்கவில்லை.

மேலே-கீழே போனதற்குக் காரணம் வேறு. “இங்க பாரு” என்று பிளேடை டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்தார் நண்பர். மேல் விளிம்பு கூர்மையாக இல்லை. கை அரத்தில் தேய்த்து உருட்டியிருந்தது, அதற்கு மேல் மார்க்கர் கறுப்பு. நகத்தால் சுரண்டினால் வெள்ளி மாதிரி மின்னியது. ரேஞ்சில் விளக்கு தலைக்கு மேலே. உருண்ட விளிம்பு அந்த வெளிச்சத்தை வாங்கிக் கண்ணில் அடிக்கும்போது பிளேடு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இரண்டு சைட்டுக்கும் நடுவே 32 செ.மீ. என்றால், போஸ்ட் கால் மில்லிமீட்டர் ஏறி நின்றால் 10 மீட்டரில் கிட்டத்தட்ட 8 மி.மீ. விலகும். வளையத்துக்கு வளையம் இருக்கும் தூரமே 8 மி.மீ.தான்.

“இம்போர்ட்டட்டா? நம்ம தெருவுல 300 ரூபாய்க்கு வெட்டித் தருவாங்க. இதைவிட நல்லாவே வெட்டுவாங்க” என்றார். எனக்கு ஏமாந்ததைவிட அந்த ‘நல்லாவே’தான் அதிகம் உறைத்தது.

கடைக்குப் போன் போட்டேன். முதலில் “பழகணும் சார்.” அளவு சொன்னதும் “கஸ்டம் ஃபிட்டிங், ரிட்டர்ன் கிடையாது.” சரி, பழைய பிளேடையாவது அனுப்புங்கள் என்றால், “எந்த பிளேடு சார்?” பில்லை எடுத்துப் பார்த்தேன். “ஏர் பிஸ்டல் உதிரி - 1” என்று மட்டும் எழுதியிருக்கிறது. யூ என்றும் இல்லை, இம்போர்ட்டட் என்றும் இல்லை, அளவும் இல்லை. இது தெரியாமல் நடந்ததென்று நான் நம்பவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. ஆனால் அவர் சொன்னதெல்லாம் வாயால் சொன்னது. நல்ல வேளையாக, மாட்டுவதற்கு முன்னால் பிஸ்டலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பியிருந்தேன்; பழைய பிளேடு அதில் தெளிவாகத் தெரிகிறது. உங்களில் யாராவது இந்த மாதிரி கடைக்குப் போவதாக இருந்தால், நாட்ச் அகலத்தையும் ஆழத்தையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய சாமானை அங்கேயே பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். வெட்கப்படாமல் ஒரு வெர்னியரைக் கையோடு கொண்டுபோங்கள்.

கண் டாக்டரிடமும் கடைசியில் போனேன். ஃப்ரண்ட் சைட் தூரத்தை இஞ்ச் டேப்பில் அளந்துகொண்டு போனதைப் பார்த்துச் சிரித்தார். அந்தத் தூரத்துக்கென்றே வலது கண்ணுக்கு 0.75 பவரில் ஒரு கண்ணாடி எழுதினார். போட்டியில் பிஸ்டலின் மேல் லென்ஸ் வைக்கக்கூடாது, மூக்கில் மாட்டிக்கொள்ளத் தடையில்லை. நண்பர் பட்டறையில் 4.5 மி.மீ. சதுர நாட்ச் வெட்டி, விளிம்பைக் கூராக விட்டுத் தந்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஒரு சூடத்தைக் கொளுத்தி அந்தப் புகையில் பிளேடைக் காட்டினால் எந்த மார்க்கரும் தராத கறுப்பு ஏறுகிறது, மினுக்கமே இல்லை. நேற்று 541. ரேஞ்சு முழுக்கக் கோயில் வாசனை என்று கோச்தான் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.