42,500 ரூபாயை விழுங்கிய எடைக் குறைப்பு சென்டர்: 35 வயதைத் தாண்டியவர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று நானும் விட்டுவிடுவேன். அதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். 42,500 ரூபாய். சீட்டு எடுத்து, பெண்ணின் பள்ளிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம். என்ன நடந்தது என்று முதலில் சொல்கிறேன், அப்புறம் எடையை ஒழுங்காகக் குறைக்க என்ன செய்யலாம் என்று டாக்டர் சொன்னதையும் எழுதுகிறேன்.

எனக்கு 38 வயது. இரண்டாவது பிரசவத்தில் ஏறிய எடை இறங்கவே இல்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. இப்படிப்பட்ட ஆட்கள்தான் அவர்களுக்கு வேண்டும். பெயரை இங்கே போடவில்லை. மெயின் ரோட்டில், துணிக்கடைக்கு மேல் மாடியில், ஏசி போட்டு, படிக்கட்டு நெடுக "முன்", "பின்" படங்கள் ஒட்டி வைத்திருப்பார்களே, அந்த வகை சென்டர். "இலவச உடல் பரிசோதனை" என்று காலைப் பேப்பருக்குள் நோட்டீஸ் வந்தது.

போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மெஷின்மேல் ஏறி நிற்கச் சொன்னார்கள். காலுக்கடியில் சில்லென்று இரண்டு தகடுகள், கையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. கடை பில் மாதிரி ஒரு சீட்டு வெளியே வந்தது. கொழுப்பு இத்தனை சதவீதம், தசை இத்தனை, தண்ணீர் இத்தனை. கடைசி வரியில் "உடல் வயது: 54". "கோச்" என்று அறிமுகப்படுத்திக்கொண்ட பெண் அந்த 54-ஐச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள், அதன்மேல் இன்னொரு வட்டம். "அக்கா, உங்களுக்கு வயசு 38. உள்ள இருக்கிற உடம்புக்கு உங்க அம்மா வயசு."

அந்த மெஷின் உடம்புக்குள் லேசான மின்சாரம் விட்டு, அதை வைத்துக் குத்துமதிப்பாகக் கணக்குப் போடுகிறது. தண்ணீர் குடித்துவிட்டு நின்றால் ஒரு எண், வெறும் வயிற்றில் நின்றால் இன்னொரு எண். எனக்கு எந்த டாக்டரும் உடல் வயது எழுதிக் கொடுத்ததில்லை. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது அந்தச் சிவப்பு வட்டம்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

அதற்கடுத்து அவள் தன் போனை எடுத்து, குழந்தை பிறந்த பிறகு எடுத்த படம் என்று ஒன்றைக் காட்டினாள். "என் நாத்தனார் கல்யாணத்துல எல்லார் எதிர்லயும் 'மறுபடியும் விசேஷமா'ன்னு கேட்டாங்க அக்கா. பாத்ரூம்ல போய் அழுதேன்." போன தைப் பொங்கலுக்கு என் பெரியம்மா இதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தார். நானும் வெளியே சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதவள்தான். அந்த இடத்தில்தான் நம்பினேன். வேறு எந்த விளம்பரத்தாலும் என்னிடம் பணம் வாங்கியிருக்க முடியாது.

பிற்பாடு அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் பழக்கமான இன்னொரு பெண்ணிடம் பேசினேன். அவருக்குக் கிடைத்தது வேறு கோச். கதை மட்டும் அதே கதை! அதே நாத்தனார், அதே கல்யாணம், அதே "விசேஷமா". உட்கார வைத்து மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள். பணம் போனதைவிட இதுதான் வயிற்றெரிச்சல்.

"35-க்கு மேல மெட்டபாலிசம் படுத்துடும் அக்கா, நடந்தாலும் குறையாது, சோறைக் குறைச்சாலும் குறையாது, எங்க பவுடர்தான் அதைத் தூக்கி விடும்" என்றாள். பொய். மெட்டபாலிசம் என்றால் உடம்பு சக்தியைச் செலவழிக்கிற வேகம். 29 நாடுகளில் 6,000 பேருக்கு மேல் எடுத்த அளவுகளை வைத்து 2021-ல் "சயின்ஸ்" இதழில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. உடல் அளவுக்கு ஏற்றபடி கணக்குப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை உடம்பு செலவழிக்கிற சக்தி பெரிதாக மாறுவதில்லை என்கிறது அது. நம் வயதில் குறைவது தசையும் நடமாட்டமும் தூக்கமும். அதற்கு டப்பாவில் மருந்து கிடையாது.

மூன்று மாதத்தில் 12 கிலோ, குறையாவிட்டால் முழுப் பணமும் வாபஸ், தைராய்டு மாத்திரையையும் "நாங்களே நிறுத்த வெச்சிடுவோம்". எல்லாம் வாயால் சொன்னது. 42,500 ரூபாயில் 5,000 ரொக்கம், மீதி 37,500 ஜிபே. ஜிபே போனது சென்டர் கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆளின் எண்ணுக்கு. ரசீது கேட்டதும் ரப்பர் ஸ்டாம்ப் குத்திய ஒரு தாள் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி எண் இல்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் "செலுத்திய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்று இருந்ததை வீட்டில் வந்து என் கணவர்தான் படித்தார்.

காலையில் எழுந்ததும் சோயா ஷேக், ராத்திரியும் ஷேக், மதியம் மட்டும் ஒரு கரண்டி சோறு. மாத்திரை போட்டதும் ஷேக்கைக் குடித்துவிடச் சொன்னாள். சீக்கிரமே 76 கிலோ 72 ஆனது. குழுவில் கைதட்டல் பொம்மைகளாகக் கொட்டின. சோற்றைத் திடீரென்று குறைத்தால் உடம்பில் சேமித்து வைத்த மாவுச்சத்து கரையும், அதோடு சேர்ந்திருந்த தண்ணீரும் இறங்கும். முதலில் போன எடையில் பாதிக்கு மேல் அதுதான் என்று பிறகு டாக்டர் சொன்னார். அப்புறம் முள் நகரவில்லை. சீப்பில் முடி கொத்தாக வந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது, மத்தியானம் மேஜையிலேயே தலை சாய்ந்தது.

கோச்சிடம் சொன்னேன். "சூப்பர் அக்கா! டீடாக்ஸ் ஆகுது!" என்றாள். முடி கொட்டுவது டீடாக்ஸாம், அதாவது உடம்பின் கழிவு வெளியேறுவதாம்.

வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் போய் ரத்தம் கொடுத்தேன். தைராய்டு எப்படி இருக்கிறது என்று காட்டுகிற டி.எஸ்.எச். அளவு முன்பு 2.8 இருந்தது, 11-க்குப் போயிருந்தது. அது ஏறினால் தைராய்டு சுரப்பு போதவில்லை என்று அர்த்தம். அவர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையோட காலையில வேற என்னம்மா சாப்பிடறீங்க?" ஷேக்கைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சோயாவும் கால்சியமும் இரும்புச்சத்தும் தைராய்டு மாத்திரையை உடம்பு முழுசாக உறிஞ்ச விடாது, கால்சியம், இரும்பு சேர்த்த எதுவானாலும் மாத்திரைக்கு நான்கு மணி நேரமாவது தள்ளித்தான் சாப்பிட வேண்டும் என்றார். மாத்திரையை நிறுத்துவதாக அவர்கள் சொன்னது கடைசியில் இப்படித்தான் நடந்தது. தினமும் விழுங்கினேன், பாதி உடம்பில் சேரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோதுதான் அவர்களுடைய உண்மையான முகம் தெரிந்தது. கோச் விலகிவிட்டாளாம். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார். அடுத்த முறை "ஹெட் ஆபீஸ்ல மெயில் போடுங்க மேடம்". அதுவரை அக்கா, பணம் கேட்டதும் மேடம். மெயில் திரும்பி வந்தது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. டாக்டர் ரிப்போர்ட்டைக் குழுவில் போட்டேன், சற்று நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒரு வழியாக மேனேஜரைப் பிடித்து உட்கார்ந்தால், அந்த ஆள் என் கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க வீட்ல சாப்பாட்டுக் கன்ட்ரோல் இல்லாம இருந்திருக்கீங்க மேடம். 15,000 கட்டினா மெயின்டெனன்ஸ் பேக்கேஜ் போட்டுத் தரேன். இல்லன்னா ரெண்டு பேரைச் சேர்த்து விடுங்க, உங்களுக்கு ரெண்டு டப்பா ஃப்ரீ" என்றான். 42,500 ரூபாயை எடுத்துக்கொண்டு, இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவரச் சொல்கிறான்.

என் கணவர் மேஜையைத் தட்டிவிட்டார். உடனே "செக்யூரிட்டி" என்று குரல் கொடுத்தார்கள். வந்தவர் வயதான மனிதர். எங்களைக் கீழே கூட்டி வந்து, "தினம் யாராவது வர்றாங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

எடையை எப்படிக் குறைப்பது என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போது அதற்கு மனசு ஓடவில்லை. டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: வாரத்துக்கு அரைக் கிலோ போதும், வேகமாக இறக்கினால் பித்தப்பைக் கல் வரும் ஆபத்து கூடும், தட்டில் பருப்பு, முட்டை, சுண்டல் கூட வேண்டும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும், எடை முள்ளைவிட இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள், பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 தாண்டக்கூடாது. அன்றைக்கு நான் கொடுத்த ஃபீஸ் 400 ரூபாய்.

மற்றவை அவசர அவசரமாக:

பவுடர் டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) என்று 14 இலக்க எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் அது உணவு விற்க வாங்கிய உரிமம்தான், எடை குறையும் என்று அரசு கொடுத்த சான்று இல்லை. பெயர் போடாத "ஃபேட் பர்னர்" கேப்ஸ்யூல் கொடுத்தால் வாயில் வைக்காதீர்கள். இதயத்துக்கு ஆபத்து என்று 2011-ல் இந்தியாவில் தடை செய்த சிபுட்ரமைன் என்கிற பசி குறைக்கும் மருந்து இந்த மாதிரி சரக்குகளில் கலந்து பிடிபட்டிருக்கிறது. உடல் பருமனைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதையே 1954-ம் வருடச் சட்டம் தடுக்கிறது. சர்க்கரை, பிரஷர், தைராய்டு, எந்த மாத்திரையையும் கோச் பேச்சைக் கேட்டு நிறுத்தாதீர்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள், தனி ஆள் எண்ணுக்கு ஜிபே போடவே போடாதீர்கள். "வாபஸ்" என்றால் எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போகலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதே வகை சென்டரில் பணம் கட்டி, அந்த நாத்தனார் கல்யாணக் கதையைக் கேட்டவர்கள் யாராவது இருந்தால் ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் சாட் எதையும் அழிக்காமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மனுவைத் திங்கட்கிழமை டைப் அடிக்கக் கொடுக்கிறேன், அதற்குள் வந்தால் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.