ஏர்சாஃப்ட் மோட்டாரில் மின்காப்புப் பழுது: மூன்றாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பேட்டரியை இணைத்ததுமே, விசையைத் தொடாமலேயே என் ஏர்சாஃப்ட் துப்பாக்கி (மோட்டாரால் இயங்கி, பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) தானாகச் சுடத் தொடங்கியதுதான் இந்த வேலையில் என்னை இறக்கிவிட்டது. மேகசின் கழற்றப்பட்டிருந்ததால் குண்டு எதுவும் வெளியேறவில்லை. மோட்டாருக்கான மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்னணு ஸ்விட்சான மாஸ்ஃபெட் எரிந்து நிரந்தரமாக இணைந்த நிலையில் நின்றுவிட்டது என்று முடிவுகட்டிப் புதிய பலகையைப் பொருத்தினேன். புதியதிலும் அதே கூத்து. இத்தகைய அறிகுறிக்கு எல்லோரும் முதலில் மாஸ்ஃபெட்டையே சந்தேகிக்கிறார்கள். நானும் அதையே செய்து ஒரு நல்ல பலகையை வீணாகக் கழற்றி எறிந்தேன்.

உண்மையான காரணம் இரண்டு இடங்களில் இருந்தது. இந்தத் துப்பாக்கியில் குட்டைத் தண்டு மோட்டார் ஓர் உலோகக் கூண்டில் அமர்ந்திருக்க, அந்தக் கூண்டு கியர்பாக்ஸுடன் நேரடியாகத் திருகப்பட்டிருக்கும். ஆகவே மோட்டாரின் உறையும் கியர்பாக்ஸும் மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரே உலோகத் துண்டுதான். மோட்டாரின் எதிர்முனை (நெகட்டிவ்) ஓரிடத்தில் உறையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பேட்டரியின் எதிர்முனைக் கம்பியோ கியர்பாக்ஸின் இரு பாதிகளுக்கு இடையே நசுங்கித் தோலுரிந்திருந்தது. மாஸ்ஃபெட் வழக்கமாக எதிர்முனைப் பக்கத்தில்தான் மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது என்பதால், இந்த இரண்டு பழுதும் சேர்ந்து அதைச் சுற்றிக்கொண்டு ஒரு குறுக்குவழியை அமைத்துவிட்டன. ஓடியது மோட்டாருக்குரிய வழக்கமான மின்னோட்டமே ஆகையால் ஃபியூஸும் போகவில்லை. நேர்முனை உறையைத் தொட்டிருந்தால், பேட்டரியே நேரடியாக ஷார்ட் ஆகியிருக்கும்.

காப்புப் பழுது ஒன்று மட்டும் இருக்கும்வரை எந்த அறிகுறியும் தெரியாது. இரண்டாவது பழுது வந்து சேரும்போதுதான் முதலாவது இருந்ததே தெரியவரும். அதனால், மோட்டார் நன்றாக ஓடுகிறது என்பதைக் காப்பு சரியாக இருப்பதற்கான சான்றாக நான் இப்போது எடுத்துக்கொள்வதில்லை.

சோதனைக்குச் சாதாரண மல்டிமீட்டர் போதும். பேட்டரியையும் மோட்டாரின் இரு கம்பிகளையும் கழற்றிவிட்டு, மெகா ஓம் அளவில் ஒவ்வொரு முனைக்கும் உறைக்கும் இடையே அளக்க வேண்டும். உறையில் பூச்சு இருந்தால் மீட்டர் ஊசி உலோகத்தை எட்டாமல் எல்லாம் சரி என்று காட்டிவிடும். என்னை இது ஒருமுறை ஏமாற்றியிருக்கிறது. அதன்பின் பூச்சில்லாத திருகுத் துளையில் ஒருமுறையும், தண்டில் ஒருமுறையும் வைத்தே அளக்கிறேன். பழுது தெரிந்தால், சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ்கள் இரண்டையும் வெளியே எடுத்துவிட்டு மீண்டும் அளக்கலாம். கம்யூட்டேட்டருக்கும் (பிரஷ்கள் உரசும் செம்பு வளையம்) தண்டுக்கும் இடையே இணைப்பு தெரிந்தால் பழுது ஆர்மேச்சரில், அதாவது கம்பி சுற்றிய சுழலும் பகுதியில். அங்கே சுத்தமாக இருந்தால் ஸ்பிரிங், பிரஷ் தாங்கி, முனைத் தகடு ஆகியவற்றுள் ஒன்றில்.

என் மோட்டாரில் குற்றவாளி, பிரஷ்ஷை அழுத்தும் ஸ்பிரிங்கின் நுனியில் மாட்டியிருந்த, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள கறுப்புக் காப்புக் குழாய். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அது நீளவாக்கில் வெடித்து, பிளவின் உள்ளே ஸ்பிரிங் பளபளத்துக்கொண்டிருந்தது. பிரஷ்ஷின் வழியாக வந்த மின்சாரம் ஸ்பிரிங்கில் ஏறி, அதன் மறுமுனை ஊன்றி நிற்கும் உறைக்குப் போயிருக்கிறது. முதலில் கையிலிருந்த, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை மாட்டினேன். அது தடிமன் அதிகம். பிரஷ் தேயத் தேய ஸ்பிரிங் உள்ளே இறங்க வேண்டிய காடியில் குழாயின் விளிம்பு சிக்கிக்கொண்டு அழுத்தம் குறைந்தது. சில வாரங்களில் தீப்பொறி கூடி, சுடும் வேகம் தொய்ந்து, கம்யூட்டேட்டரும் கறுத்துப்போனது. அடுத்து, டெஃப்லான் காப்புள்ள மெல்லிய கம்பியிலிருந்து அதன் தோலை மட்டும் உருவி மாட்டினேன். வெப்பத்தில் இளகாத, வழுவழுப்பான அந்தத் தோல் இன்றுவரை அப்படியே இருக்கிறது. சாதாரணப் பிவிசி டேப்பை இந்த இடத்துக்குப் பரிந்துரைக்கவே மாட்டேன். சூட்டில் பசை வழிந்து, அதில் தூசி அப்பிக்கொள்ளும்.

என்னிடமுள்ள இன்னொரு மோட்டாரான நீளத் தண்டு மோட்டாரின் பழுது வேறு வகை. மீட்டர் திட்டமான ஷார்ட்டைக் காட்டாமல், தண்டைத் திருப்பத் திருப்பச் சில கிலோ ஓம்களுக்குள் அலைந்துகொண்டிருந்தது. தேய்ந்த பிரஷ்களின் கார்பன் தூள் எண்ணெயில் குழைந்து, பிரஷ் தாங்கிக்கும் உறைக்கும் நடுவே மை போலப் படிந்திருந்தது. தண்டைத் தாங்கும் புஷ்ஷில் தாராளமாக எண்ணெய் விட்டது என் கைவண்ணமே. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, முழுக்க உலரவிட்டு, தாங்கியின் அடியில் வெப்பம் தாங்கும் கேப்டான் டேப் ஒரு துண்டு ஒட்டியதும் மீட்டர் எல்லையைத் தாண்டிப் போனது. இப்போது ஊசி முனையால் ஒரே ஒரு சொட்டுதான் விடுகிறேன்.

பிரிப்பவர்கள் பின்மூடியும் உறையும் சேரும் இடத்தில் ஒரு கோடு கீறிவைத்துக்கொள்ள வேண்டும். மாறிப் பொருத்தினால் பிரஷ்களின் கோணம் பிசகிவிடும். தண்டிலுள்ள வாஷர்களின் வரிசையையும் புகைப்படம் எடுத்துக்கொள்வது நல்லது. ஸ்பிரிங் தெறித்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

ஆர்மேச்சரின் எனாமல் கம்பியே இரும்பு மையத்தைத் தொட்டுவிட்ட பழுதில் மட்டும் நான் தோற்றேன். பழைய உதிரி ஒன்றில், காடியின் விளிம்பில் உரிந்திருந்த கம்பியை விலக்கி எப்பாக்ஸி பூசினேன். மீட்டர் நல்ல அளவு காட்டியது. நான்கு மாதங்களில் அதே இடத்தில் மீண்டும் பழுது வந்தது. வெளிச்சுற்றைத்தான் நான் பூசினேன், அடியிலிருந்த சுற்றுகளுக்கு எப்பாக்ஸி இறங்கவேயில்லை. அந்த மோட்டாரில் இப்போது காந்தங்களும் உறையும் மட்டுமே உதிரியாக மிஞ்சியிருக்கின்றன.

மற்ற இரண்டும் 11.1 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் மூன்றாம் ஆண்டாக ஓடுகின்றன. பிரஷ் மாற்றும்போதெல்லாம் காப்பை அளந்து தேதியோடு குறித்துவைக்கிறேன். குட்டைத் தண்டு மோட்டாரில் இதுவரை மாற்றமில்லை, நீளத் தண்டு மோட்டாரைக் கடந்த முறை மறுபடியும் ஒருமுறை கழுவ வேண்டியிருந்தது.