கார்ட் செத்தால் எந்தப் பக்கம் ஓடுவது: பம்பலப்பிட்டிக் கடையா, சிங்கப்பூர் மச்சானா?

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை மூன்று நிமிட நடை. கொம்பியூட்டரில் திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டின் கதையில் கடல் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். கொழும்பில் கார்ட் வாங்கினால் கிடைக்கிற பில்லைக் கொஞ்சம் கிட்டப் பிடித்துப் பாருங்கள்: துரு, எரிந்த அடையாளம், உடைவு, மின்னல், கரண்ட் ஏறி இறங்கியது, இதற்கெல்லாம் வொரண்டி கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் உப்புக் காற்றுக்குப் பொருக்குத் தட்டுகிற வீட்டில் கார்டின் தகடு மட்டும் பளபளப்பாக இருக்குமா? கரண்ட் அதைவிட மோசம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க கரண்ட் போனதே, அன்றைக்கு உங்கள் கார்ட் போயிருந்தால் கடைக்காரர் குரங்கைத்தான் கைகாட்டியிருப்பார்.

என்னிடம் இரண்டு கார்ட் செத்திருக்கிறது. ஒன்று பம்பலப்பிட்டியில், காலி வீதிக் கடையொன்றில் வாங்கியது, மற்றது மச்சான் சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிப் பெட்டிக்குள் சாரத்தில் சுற்றிக் கொண்டு வந்தது. இரண்டுக்கும் மூன்று வருட வொரண்டி. ஆனால் எத்தனை வருடம் என்பது பெரிய விசயமே இல்லை, செத்த கார்டை யார் எங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் விசயம்.

முதலில் கடைக் கார்ட். அது ஒரேயடியாகச் சாகவில்லை. கேம் தொடங்கி அரை மணித்தியாலம் தாண்டினால் திரை முழுக்க பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள் கொட்டும், பிறகு எல்லாம் கறுப்பு. டிரைவரை முழுதாக அழித்துத் திரும்பப் போட்டேன், பவர் கேபிளை மாற்றினேன், சினேகிதன் ஒருவனின் மெஷினில் போட்டும் பார்த்தேன், அங்கேயும் அதே சதுரங்கள். மெமரிதான் போகிறது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டு போனால், அங்கிருந்த பெடியன் டெஸ்ட் மேசையில் பூட்டிப் பத்து நிமிடம் ஓடவிட்டு, “அண்ணே, இதில ஒரு பிரச்சினையும் இல்லையே” என்று திருப்பித் தந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, ஏசி அறைக்குள் பெட்டியே இல்லாமல் திறந்த மேசையில் கிடக்கிற கார்ட் எங்கே சூடாகப் போகிறது?

அடுத்த முறை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனேன், சீரியல் நம்பரும் அதே வீடியோவில் தெரிகிற மாதிரி. “தம்பி, ஓடவிட்டு வையுங்கோ, நான் ஒரு டீ குடிச்சிட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு வெளியே போய், டீயோடு ஒரு ரோல்ஸும் சாப்பிட்டு, முக்கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தபோது பெடியன் மேசைக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். சதுரங்கள்!

அங்கிருந்து அது, அந்தக் கம்பனிக் கார்டை இங்கே இறக்குகிற ஏஜென்டிடம் போனது. எப்போது போன் எடுத்தாலும் சிங்களத்தில் ‘லபன சதியே’, அதாவது அடுத்த கிழமை. ஐந்து கிழமை கழித்து, அந்த மொடல் இப்போது வருவதில்லை, பில்லில் உள்ள காசைத் தருகிறோம் என்றார்கள். நியாயமாகத்தான் கேட்கும். ஆனால் நான் அதை வாங்கியது டொலர் 200 ரூபா சொச்சமாக இருந்தபோது, அவர்கள் காசு நீட்டியது 2022 கடைசியில், டொலர் 360ஐத் தாண்டியபிறகு. அந்தக் காசுக்கு அதே கார்டின் பாதிதான் வாங்கலாம். காசு வேண்டாம், கார்ட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று இன்னும் மூன்று கிழமை காத்திருந்து வேறொரு மொடல் எடுத்தேன். புதிய கார்டுக்குப் புதிய மூன்று வருடம் இல்லை, பழையதில் மிச்சமிருந்ததுதான். அதிலும் ஒரு கணக்கு உண்டு: என் பில்லில் ‘ஒரு வருடம்’ என்றால் 14 வேலை நாள் குறைவு.

சரி, சிங்கப்பூர்க் கார்ட். இங்கத்தை விலையைவிட ஏறக்குறைய 30,000 ரூபா குறைவு. பதினாலாவது மாதம் செத்தது, இந்த முறை சதுரமும் இல்லை ஒன்றும் இல்லை, ஃபேன் சுற்றும், படம் வராது. பல கம்பனிகளின் வொரண்டி வாங்கிய நாட்டில்தான் செல்லும், இதுவும் அப்படித்தான். கூரியரில் அனுப்பினால் காசு ஒரு பக்கம், திரும்பி வரும்போது சுங்கத்தில் ‘இது ஐயா என் பழைய கார்ட்தான்’ என்று கடதாசி காட்டி நிற்பது இன்னொரு பக்கம். அதனால் அம்மாவின் சினேகிதியின் மகள் அங்கே போகும்வரை இரண்டு மாதம் கார்ட் அலுமாரிக்குள் கிடந்தது. அங்கே போய்ச் சேர்ந்ததுதான் தாமதம், மச்சான் கொண்டு போய்க் கொடுக்க, ஏழாம் நாள் மாற்றுக் கார்ட் தயார். பெடியன் இல்லை, டீ இல்லை, வாக்குவாதமும் இல்லை. பிறகு யாராவது கொழும்புக்கு வரும்வரை அது மச்சான் வீட்டு அலுமாரிக்குள். ஆக மொத்தம் நாலரை மாதம், அதில் கம்பனி எடுத்தது ஒரு கிழமை.

இரண்டையும் வைத்துப் பார்த்தால் சேவையில் சிங்கப்பூர்தான் மேல், நாளைக் கணக்குப் பார்த்தால் காலி வீதி. வேலைக்குக் கார்ட் தேவைப்படுகிறவர், எடிட்டிங், த்ரீடி என்று அதில் சோறு சாப்பிடுகிறவர், கூடக் கொடுத்தாவது இங்கேயே வாங்கட்டும், அதுவும் ஏஜென்டின் ஸ்டிக்கர் ஒட்டியதாக. யூனிட்டி பிளாசா பக்கம் ஸ்டிக்கர் இல்லாமல் கொஞ்சம் மலிவாகவும் கிடைக்கும். அது கடைக்காரரின் சொந்த வொரண்டி, கடை பூட்டினால் அதுவும் பூட்டு. விளையாட மட்டும்தான், பழைய கார்ட் ஒன்றும் கைவசம் இருக்கிறது என்றால் மச்சானைக் கேட்பதில் தப்பில்லை.

ரிப்பேர்காரர் வொரண்டி முடிந்தபிறகுதான். சிப்பைச் சூடாக்கி ஓடவைத்துத் தருவார்கள், சில நேரம் மாதக்கணக்கில் ஓடும், சில நேரம் வீட்டுக்கு வரும்வரைதான். ஸ்க்ரூவில் ஒட்டிய ஸ்டிக்கர் கிழிந்தால் இங்கே கதை முடிந்தது. 2024 ஜூலையில் அமெரிக்க வர்த்தக ஆணையம் இப்படி ஸ்டிக்கர் ஒட்டுவதற்காக கிகாபைட், சொட்டாக், அஸ்ரொக் கம்பனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, ஆனால் அது அவர்களின் சட்டம், பம்பலப்பிட்டிக் கவுண்டரில் எடுபடாது. கடைக்காரர் ஒரேயடியாக மறுத்தால் இங்கே போக வேண்டிய இடம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, போன் நம்பர் 1977.

பழைய சாமான் விற்கிற இக்மன் இணையத்தளத்தில் ‘ஒரு கிழமை செக்கிங் வொரண்டி’ என்று வருகிற பழைய கார்ட்களுக்கு ஒரே வரி: கார்டை இரவு பகலாக ஓடவிட்டு எதீரியம் என்ற டிஜிட்டல் காசு சம்பாதிக்கிற மைனிங் 2022 செப்டெம்பரில் நின்றபிறகு சந்தைக்கு வந்த கார்ட் எது, பெடியன் வீட்டில் கேம் விளையாடிய கார்ட் எது என்று ஒரு கிழமையில் யாராலும் சொல்ல முடியாது.

எங்கே வாங்கினாலும் பில்லை அன்றைக்கே போட்டோகொப்பி எடுத்து வையுங்கள். என்னுடையது சூட்டுக்கு அச்சாகிற அந்த வழவழத் தாள், ஒரு வருடம் போவதற்குள் கடையின் பெயர் மட்டும்தான் மிச்சம், திகதியும் விலையும் மங்கிப் போய், கடைசியில் கடைக்காரரே சீரியல் நம்பரை அடித்துத் தன் கொம்பியூட்டரிலிருந்து தேடி எடுத்தார்.