முன்னாள் பல்கலைக்கழக நட்சத்திரத்தின் கூடைப்பந்து வகுப்பு: திருமலைப் பெற்றோர் கவனிக்கவேண்டியவை

பல்கலைக்கழக அணிக்கு ஆடிய நாளில் புள்ளிகளை அள்ளிக் குவித்தவர், இப்போது திருகோணமலை நகரில் ஒரு பாடசாலை அணியின் பயிற்றுநர். பின்னேரங்களில் வெளிப்பிள்ளைகளையும் சேர்த்து அவர் நடத்தும் வகுப்பைப் பற்றியதுதான் இந்த விமர்சனம். கால் வேலையை அடியிலிருந்து பழக நல்ல இடம். உயரமான பிள்ளைக்கு அரைகுறை. மாரிகாலத்தில் நம்பமுடியாது.

பேரைக் கேட்டு வரும் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் ட்ரிபிள் பண்ணவும் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகவும்) தூரத்திலிருந்து எறியவும் சொல்லித்தருவார் என்று நினைத்து வருகிறார்கள். முதல் சில கிழமைகளுக்குப் பந்து ரிங் பக்கம் போவதே அரிது. ஓடிவந்து இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றி நிற்பது, ஒரு காலை ஊன்றியபடி மற்றக் காலைச் சுற்றுவது, இவைதான் பாடம். இதில் சலித்து நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. ஆனால் ட்ரவலிங் (பந்தைக் கையில் வைத்தபடி கூடுதலாக அடி வைப்பது) விசிலும், நெருக்கும்போது பந்தைப் பறிகொடுப்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

லே-அப், அதாவது ரிங்குக்குக் கிட்ட ஓடிவந்து எழும்பிப் பந்தைப் போடுவதை, சொல்லிக்கொடுக்கும் விதத்துக்கே கொடுத்த காசு சரி. வலக்கைப் பிள்ளை ரிங்கிலிருந்து ஒரு காலடி எட்டத்தில், வலப்பக்கமாக நிற்கும். இடக்காலில் எழும்பி, வலது முழங்காலை உயர்த்தி, போர்டில் உள்ள சிறு சதுரத்தின் கிட்டிய மேல் மூலையில் பந்தை வைக்கும். அது பிழையில்லாமல் வந்த பிறகுதான் வலம், இடம், எழும்பல் என்ற இரண்டடி. அதற்குப் பிறகு ஒரு ட்ரிபிள். அரைக் கோர்ட்டிலிருந்து ஓடிவருவது கடைசியில். சீமெந்தில் சோக்கால் கால் அடையாளம் போட்டிருப்பார். முதல் அடி நீளம், இரண்டாவது கட்டை; அந்தக் கட்டை அடிதான் ஓடிவந்த வேகத்தை மேல்நோக்கித் திருப்பும். இரண்டும் ஒரே நீளமானால் பிள்ளை போர்டுக்கு அடியில் போய் நிற்கும், பந்து ரிங்கின் அடியில் முட்டும். கால் மாறிப்போவதற்கு வேறு காரணம் உண்டு: பந்தைக் கையில் எடுக்கப் பிந்துவது. காலைத் திருத்தாமல் கடைசி ட்ரிபிள் விழும் இடத்தைத் திருத்துகிறார். விஷயம் தெரிந்த ஆள் என்பது அதில் தெரியும்.

2017 ஒக்டோபரில் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் ட்ரவலிங் விதியை மாற்றியது. ஓட்டத்தில் பந்தை எடுக்கும் கணத்தில் தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது, அதற்குப் பிறகு இரண்டடி. இதையும் பழக்குகிறார். ஆனால் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களை முதலில் பழைய இரண்டடியிலேயே சுத்தமாக முடிக்க வைக்கிறார். எந்த நடுவர் வந்தாலும் விசிலுக்கு இடமிராது என்பது கணக்கு. ஒப்புக்கொள்ளலாம்.

எறிவில் பொறுமை அதிகம். ரிங் 3.05 மீற்றர் உயரம். கிட்ட நின்று ஒற்றைக் கையால், மணிக்கட்டை மடக்கி, சத்தமில்லாமல் வலைக்குள் போடப் பழகும்வரை போர்டிலிருந்து 4.6 மீற்றரில் இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு விடமாட்டார். 6.75 மீற்றர் மூன்று புள்ளி வளைவு சின்னவர்களுக்கு முற்றிலும் தடை. பலம் போதாத பிள்ளை அங்கிருந்து தோளால் தள்ளும். அந்தப் பழக்கம் பிடித்துவிட்டால் பிறகு உடைப்பது பெரும்பாடு.

பந்து விஷயத்திலும் பிடிவாதம். பெரிய பையன்களுக்கு 7ஆம் இலக்கம், பெண்பிள்ளைகளுக்கு 6, ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு 5. சீமெந்துத் தரைக்கு ரப்பர் பந்துதான். தோல் பந்தின் மேற்பரப்பைச் சீமெந்து அரம்போல உராய்ந்து தின்றுவிடும்.

கோர்ட் திறந்தவெளி. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணல் வந்து படிந்து தரை வழுக்கும். தொடங்கமுதல் பிள்ளைகளே தும்புத்தடியால் கூட்டவேண்டும். தண்ணீர் தெளிக்க விடமாட்டார், அதுவும் சரி. காற்று கடுமையான பின்னேரங்களில் தூர எறிவை விட்டு பாஸுக்கும் தடுப்புக்கும் மாறுகிறார். அடித்தட்டு தேய்ந்த கன்வஸ் சப்பாத்தோடு வரும் பிள்ளையைக் குதிக்க விடுவதில்லை. பத்து முதல் பதினைந்து வயதுக்குள், வேகமாக வளரும் காலத்தில், முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே எலும்பில் நோவு வருவதுண்டு. அப்படிச் சொன்னால் குதிப்பை நிறுத்தி எறிவில் மட்டும் விடுகிறார். நோவு போகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள், எண்ணெய் தடவிக்கொண்டு இருக்கவேண்டாம்.

இனிக் குறைகள். இவர் ஆடிய காலத்தில் பந்தைக் கொண்டுபோகும் கார்ட். அது வகுப்பிலும் தெரிகிறது. ரிங்குக்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்குவது, இடுப்பால் ஆளை அடைப்பது, பின்காலை இறக்கித் திரும்புவது, இவற்றை உயரமான பிள்ளைக்கு முறையாகச் சொல்லித்தருவதில்லை. “ரிபவுண்டுக்கு (தவறித் திரும்பும் பந்துக்கு) ஆளை அடை” என்பதோடு முடிந்துவிடும். அடுத்தது வரிசை. ஒரு ரிங்குக்கு 15 பேர் நின்றால், ஒருவருக்கு 8 செக்கன் என்றாலும் ஒரு பிள்ளை கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் ட்ரிபிள் பழகவிட்டால் என்ன?

சின்ன வயதில் 2-3 ஸோன் தடுப்பு (முன்னே இருவர், பின்னே மூவர் நின்று ஆளை விட்டு இடத்தைக் காப்பது) ஆடவிடாமல் ஆளுக்கு ஆள் பிடிக்கவைப்பதால், இந்தப் பிள்ளைகள் நட்புறவுப் போட்டிகளில் தோற்பதும் உண்டு. இதைக் குறையென்று சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். ஸோனில் நின்று வெல்லும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆளைத் துரத்திக் காலை நகர்த்தப் பழகாது. இதில் நியாயம் பயிற்றுநர் பக்கம்தான். கிழக்கில் பயிற்றுநர் என்றால், 1990 ஓகஸ்டில் காணாமற்போன இயேசு சபையின் யூஜின் ஹேர்பட் அடிகளாரையும் அவர் வளர்த்த மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி அணியையும் வைத்து அளப்பவர்கள் இன்னமும் உண்டு. அந்த ஒப்பீட்டை இவர் தலையில் கட்டுவது அநியாயம்.

கட்டணத்தை மாதமுதலில் வாங்குகிறார். நவம்பர், டிசம்பர் மழையில் தவறும் நாட்களுக்குப் பதில் வகுப்பு உண்டா என்பதை சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்த பிறகு, பெப்ரவரியில் சேர்த்தால் கச்சானுக்கு முன் அடிப்படை முடிந்துவிடும். தண்ணீர்ப் போத்தல், மாற்று பெனியன், தட்டையான அடியுள்ள ரப்பர் சப்பாத்து போதும். பந்து வாங்குவதானால், இலக்கத்தை அவரிடம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.