பென்னாகரம் சந்தை: களாக்காய், காட்டுக்கீரைத் தரைக்கடை

கோடை மழை இரண்டு விழுந்ததும் இந்தத் தரைக்கடை களைகட்டிவிடுகிறது. களாக்காயைக் கிளையோடு ஒடித்து வந்து வைக்கிறார்கள். அதுதான் பெரிய நிம்மதி, ஏனென்றால் காயை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. எதிரெதிர் இலை, கணுவில் கூர்முள், காம்பைக் கிள்ளினால் வெள்ளைப்பால்: மூன்றும் இருக்கணும். பால் வடிந்தும் முள் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மஞ்சள் அரளியிலும் பால் உண்டு, அது கொடிய விஷம்.

தின்பதற்குக் கருத்த பழம், ஊறுகாய்க்குப் பச்சைக்காய். நறுக்கும் முன் கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் பால் பிசினாக ஒட்டும். நறுக்கியதை உப்புத்தண்ணீரில் ஊறவைத்து, துணியில் பரப்பி உலர்த்துங்கள். ஈரம் நின்றால் பூஞ்சைதான்.

சுக்குட்டிக்கீரை, அதாவது மணத்தக்காளிக்கீரை, அருமை, இளந்தண்டாகவே வருகிறது.

கலவைக்கீரைக் கட்டில்தான் குறை. பூங்கதிர் விட்ட பண்ணைக்கீரையையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். அது நார்தான், வேகாது. அவசரத்தில் அறுத்த கட்டில் உண்ணிச்செடித் தளிரும் கலந்துவிடும். சதுரத் தண்டு, சொரசொர இலை, கசக்கினால் காட்டமான நெடி என்றால் எடுத்து எறியுங்கள். வாங்கும்போதே கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் காட்டுகிறார்கள். வெயில் ஏறினால் கீரை வாடி அடையாளமே தெரியாது, காலையிலேயே போய்விடுங்கள்.